பட்டியல் யார் கண்ணில் பட வேண்டும்? கோவிட் காலத்து விவசாயி உதவித்தொகையும் ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல்லும்

படிவம் 4, 5 மாணவர்களின் கருத்து விளக்கக் கட்டுரைகளைத் திருத்தும்போது ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல்லை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். “அரசாங்கம் வெளிப்படைத்தன்மையுடன் செயல்பட வேண்டும்” என்று ஒரு வரி எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். எதை வெளிப்படுத்தணும், யாருக்கு, எங்கே வைத்து என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். சொல் தெரிகிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதைக் காட்ட உண்மையில் நடந்த ஒரு சம்பவம் வேண்டும். 2020-ல் தமிழ்நாட்டில் வெளியான பி.எம். கிசான் முறைகேடு அதற்கு ரொம்பப் பொருத்தமானது. கோவிட் காலத்தில் விவசாயிக்கென்று ஒதுக்கிய பணம் எப்படி வழிமாறியது, யார் கண்டுபிடித்தார்கள், பட்டியல் ஏற்கெனவே திறந்திருந்தும் ஏன் யாரும் பார்க்கவில்லை என்று இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கலாம். பிறகு நம் பினாங்குக்கு வரலாம்.

டத்தோ கிராமாட் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு வயல் என்பது பாலம் தாண்டிச் செபராங் பிறைப் பக்கம் போனால் கண்ணில் படும் பச்சை. அவ்வளவுதான். “விவசாயி பணம் நமக்கு எதுக்கு டீச்சர்?” என்று கேட்பார்கள். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் சந்தைகள் மூடி, லாரிகள் நின்று, கேமரன் மலையில் விளைந்த காய்கறிகளைத் தோட்டக்காரர்கள் டன் கணக்கில் கொட்டியதை நினைவுபடுத்துங்கள். அதே வாரங்களில் இங்கே கீரை கிடைக்கவில்லை. அரசாங்கங்கள் விவசாயத்துக்கு அவசரமாகப் பணம் ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான். அந்த அவசரத்தில்தான் ஓட்டையும் விழுந்தது.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். பி.எம். கிசான் என்பது இந்திய மத்திய அரசு 2019 பிப்ரவரி 24-ல் தொடங்கியது. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 வீதம் மூன்று தவணை. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். தொடக்கத்தில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, பிறகு நிலமுள்ள எல்லா விவசாயக் குடும்பத்துக்கும் என்று விரிந்தது. வருமான வரி கட்டுபவர்கள், அரசு ஊழியர்கள், மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்களுக்குக் கிடையாது. இன்னொரு முக்கியமான விஷயம்: நிலம் உன் பெயரில் இருக்கணும். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கோவிட் வந்ததும் 2020 மார்ச் 26-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். ஏப்ரல் தவணையான 2,000 ரூபாயை 8.7 கோடி விவசாயிகளுக்கு உடனே கொடுப்பதாக அதில் சொல்லப்பட்டது. (லட்சமும் கோடியும் நம் மாணவர்களைக் குழப்பும். 1 லட்சம் என்பது 100 ஆயிரம், 1 கோடி என்பது 10 மில்லியன். இதைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.) ஆக, இது புதிய பணம் இல்லை. எப்படியும் வர வேண்டிய தவணையை நிவாரணம் என்ற பெயரில் முன்கூட்டிக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் தமிழாசிரியராக ஒரு நிமிடம் நிற்கலாம்: நிவாரணம், மானியம், இழப்பீடு, ஊக்கத்தொகை நான்கும் ஒன்றல்ல. இழப்பீடு கேட்பவர் தன் நட்டத்தைக் காட்ட வேண்டும். மானியம் ஒரு பொருளின் விலையையோ செலவையோ குறைப்பது. ஊக்கத்தொகை தகுதி பார்த்துக் கொடுப்பது. நிவாரணம் துன்பத்தைத் தணிக்க உடனே கொடுப்பது. எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதற்கேற்ப ‘யார் தகுதியானவர், எப்படிச் சரிபார்ப்பது’ என்ற கேள்வியும் மாறுகிறது. நிவாரணம் என்று சொன்னதும் சரிபார்ப்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

சரி, என்ன நடந்தது?

2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் 13 மாவட்டங்களில் பயனாளி எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருப்பது தெரியவந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகிய பெயர்கள் செய்தியில் அதிகம் அடிபட்டன. விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதி திட்டத்தில் இருந்தது. பதிவு வந்ததும் நில ஆவணத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியது அதிகாரிகளின் வேலை. அந்த ஒப்புதலுக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இடைத்தரகர்கள் கைக்குப் போயின. அவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, நிலமே இல்லாதவர்களையும் விவசாயிகளாகச் சேர்த்துவிட்டார்கள். யாரும் கொட்டகையில் புகுந்து மூட்டையைத் தூக்கவில்லை. ஒரு கடவுச்சொல் கைமாறியது, அவ்வளவுதான்.

அப்போது வேளாண் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் இதைப் பகிரங்கமாக அறிவித்தார். தொகை 110 கோடி ரூபாய்க்கு மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 60 மில்லியன் ரிங்கிட். வழக்கு சிபிசிஐடி காவல்துறையிடம் போனது. அதே மாதம் நாடாளுமன்றத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் கொடுத்த விவரப்படி, 5.95 லட்சம் கணக்குகளைச் சோதித்ததில் 5.38 லட்சம் தகுதியற்றவை. பத்துக்கு ஒன்பது! அதுவரை 61 கோடி ரூபாய் மீட்கப்பட்டிருந்தது. 96 ஒப்பந்த ஊழியர்கள் வேலை நீக்கம், 34 அதிகாரிகள் மீது ஒழுங்கு நடவடிக்கை, 52 பேர் கைது.

இந்த எண்களை வகுப்பில் ஒரு கணக்காகவே போட்டுப் பாருங்கள். 110 கோடியை 5.38 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 2,045 ரூபாய் வருகிறது. ஒரே ஒரு தவணை, சுமார் 115 ரிங்கிட். அதாவது, பெரிய முதலை ஒன்று ஒரே வாயில் விழுங்கியது இல்லை. ஒவ்வொரு கணக்கிலும் சின்னத் தொகைதான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கண்ணை உறுத்தாது. மொத்த எண்ணிக்கையை ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் ஒப்பிட்டால்தான் புடைத்துக்கொண்டு தெரியும். பணம் திரும்பப் பிடிக்கப்பட்டபோது அது கழிந்தது அந்தச் சின்னக் கணக்குகளிலிருந்துதான். தரகருக்குக் கொடுத்த கமிஷன் அவர்களுக்குத் திரும்பவில்லை. ஊரடங்கில் வேலையில்லாமல் இருந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் யாரோ வந்து “அரசாங்கம் கொரோனா பணம் தருது, ஆதார் கொடு” என்றால் அவர் என்ன செய்வார்? கொடுத்திருப்பார். அவரைத் திருடன் என்று எழுதும் மாணவனிடம் நான் மறுத்துப் பேசுவேன்.

இனிதான் கட்டுரையின் முக்கியமான இடம். பி.எம். கிசான் பயனாளிகள் பட்டியல் மறைத்து வைக்கப்பட்ட ஒன்றல்ல. திட்டத்தின் இணையத்தளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் அந்தக் கிராமத்தில் யார் யாருக்குப் பணம் போகிறது என்று பெயரோடு வரும். யாரும் பார்க்கலாம். பட்டியலைக் கிராம அளவில் வெளியிட வேண்டும், விடுபட்டவர்கள் முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று திட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. இவ்வளவு ‘வெளிப்படை’யாக இருந்தும் லட்சக்கணக்கான பொய்ப் பெயர்கள் நுழைந்தன. ஏன்?

என் பதில் இது. பட்டியல் திறந்திருந்தது, ஆனால் அதைப் படித்துப் பொய் என்று சொல்லக்கூடியவர் கண் முன்னால் அது இல்லை. கணினித் திரையில் ஒரு பெயரைப் பார்த்தால் அதிகாரிக்கு அது வெறும் பெயர். அதே பெயரை ஊர் டீக்கடையில் வாசித்தால், “அவருக்கு ஏது நிலம்? அவர் டவுன்ல தையல் கடை வச்சிருக்காரே” என்று அங்கேயே ஒருவர் சொல்லிவிடுவார். அந்த ஊரடங்குக் காலத்தில் கிராமக் கூட்டம் கூடுவதே சிரமமாக இருந்தது. இணையத்தில் ஏற்றியாச்சு, நம் கடமை முடிந்தது என்று ஆகிவிட்டது.

ஊர் முன்னால் வாசிப்பதன் பலம் என்ன என்று இந்தியாவிலேயே ஒரு வரலாறு சொல்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1990-ல் தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதில் முன்னணியில் இருந்தவர்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் முதல் ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணையை நடத்தினார்கள். அரசு வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் ஊர்மக்கள் முன்னால் சத்தமாக வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க, அந்த வேலைக்கே போகாதவர் பெயர், கட்டப்படாத கட்டடத்துக்குப் போட்ட பில் என்று ஊரார் எழுந்து சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தணிக்கை செய்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அந்த இயக்கத்தின் தொடர்ச்சியில்தான் 2005-ல் இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஒரு சின்னத் தகவல்: இந்திய மாநிலங்களில் முதன்முதலில் இப்படியொரு சட்டம் போட்டது தமிழ்நாடு, 1997-ல்.

2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவு நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும். மானியத் திட்டங்களை எப்படிச் செயல்படுத்துகிறோம், எவ்வளவு ஒதுக்கினோம், பயனாளிகள் யார் என்ற விவரங்களை யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. ‘கேட்டால் கொடுப்பது’, ‘கேட்காமலே வைப்பது’ என்ற இரண்டு படிகளையும் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

கேட்டு வாங்கியதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. காமன்வெல்த் மனித உரிமை முனைப்பு என்ற அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய விவரம் 2021 ஜனவரியில் வெளியானது. நாடு முழுவதும் பி.எம். கிசானில் தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள்! தமிழ்நாட்டுச் செய்தியை மட்டும் படித்தவர்களுக்கு, ஏழைகள் ஏமாற்றி வாங்கினார்கள் என்றுதான் தோன்றும். இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படித்தால் படம் மாறிவிடும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 27-ல் அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் பிரிஹாத்தின் தொகுப்பை அறிவித்தார். உணவுப் பாதுகாப்புக்காக 1 பில்லியன் ரிங்கிட் நிதி அதில் இருந்தது. வட்டாரப் பெலாடாங் அமைப்புகளுக்கும் மீனவர் அமைப்புகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் 100,000 முதல் 200,000 ரிங்கிட் வரை உணவு உற்பத்தித் திட்டங்களுக்குத் தருவதாகவும் சொல்லப்பட்டது. கவனியுங்கள், இந்தியாவில் பணம் தனி ஆள் கணக்குக்குப் போனது. இங்கே இந்தப் பகுதி அமைப்புகள் வழியாகப் போவதாக இருந்தது. அமைப்பு வழியாகப் போகும்போது ‘யாருக்கு’ என்ற கேள்வியோடு ‘எந்தத் திட்டத்துக்கு, என்ன விளைந்தது’ என்ற கேள்வியும் சேர்ந்துவிடுகிறது. ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது.

குடும்பங்களுக்குக் கிடைத்த பந்துவான் பிரிஹாத்தின் நேஷனலை நாம் எல்லாரும் அறிவோம். மாத வருமானம் 4,000 ரிங்கிட் வரை உள்ள குடும்பத்துக்கு 1,600. அப்போது அதைச் சரிபார்க்க அடையாள அட்டை எண்ணைப் போட்டால் நம் நிலை மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டு நிலை தெரியாது. தெரியக் கூடாது என்றும் பலர் நினைப்போம். இந்திய முறையில் ஊர் முழுக்கத் தெரிகிறது, நம் முறையில் அவரவருக்கு மட்டும் தெரிகிறது. எது சரி? மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்தால் ஒரு பாடவேளை போவதே தெரியாது.

இந்த விவாதம் ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை போனது. விவசாய மானியம் பெறுவோர் எல்லாருடைய பெயரையும் தொகையையும் இணையத்தில் போடும் விதியை எதிர்த்து ஜெர்மானிய விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொகை, காலம் என எந்த வேறுபாடும் பார்க்காமல் தனிநபர் பெயர்களை அப்படியே போடுவது அளவு மீறியது என்றது. பின்னர் வந்த விதியில் ஒரு நடுவழி கண்டார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் 1,250 யூரோ வரை வாங்கும் சிறியவர்களின் பெயருக்குப் பதில் ஒரு குறியீடு, அதற்கு மேல் வாங்குபவர்களுக்குப் பெயர். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வறிய மாணவர் உதவிக்கான பெயர்களை எல்லார் முன்னாலும் வாசித்தால் அந்தப் பிள்ளை எப்படிக் கூனிக் குறுகும் என்று ஆசிரியர்கள் நமக்குத் தெரியாதா? அதே சமயம், பெரிய பண்ணைக்குப் போகும் பெரிய தொகையைத் ‘தனிப்பட்ட விவரம்’ என்று மூடுவதை ஏற்க முடியாது. இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் விவரப் பிரிவைத் திருத்தியபோது தகவல் உரிமை ஆர்வலர்கள் எதிர்த்ததற்கும் இந்தக் கவலைதான் காரணம். பயனாளி பட்டியலே நாளைக்கு மூடப்படலாம் என்று பயந்தார்கள்.

பினாங்கில் நமக்கு என்ன வழி? கூட்டரசு அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம்தான் இருக்கிறது. மாநில அளவில் மட்டும் சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. பினாங்கின் சட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. மாநில அரசின் துறைகளிடம் ஓர் ஆவணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் பிரிஹாத்தின் கூட்டரசின் பணம், அதை இந்த வழியில் கேட்க முடியாது. கூட்டரசுச் செலவுக்கு நாம் பார்க்கக்கூடியது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை. அது திட்டத்தைப் பற்றிச் சொல்லும், கிராமத்துப் பெயர்களைச் சொல்லாது. செபராங் பிறையில் நிலம் மாநில அதிகாரத்தில், உதவித் தொகுப்பு கூட்டரசு அதிகாரத்தில். ஒரே வயலைப் பற்றிய இரண்டு கேள்விகளுக்கு இரண்டு வாசல். டத்தோ கிராமாட் சாலையின் தொடக்கத்திலிருந்து பார்த்தாலே கொம்தார் தெரியும், ஆனால் பாதிக் கேள்விக்கு மட்டும்தான் அங்கே பதில் கிடைக்கும்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. பலகையில் ஒரு கற்பனைக் கிராமத்தின் உதவித்தொகைப் பட்டியலைப் போடுங்கள். பத்துப் பெயர், எல்லாம் நீங்களே வைத்த பெயர்கள். வகுப்பில் ஐந்து பேரிடம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். “உனக்கு மூன்றாம் பெயர்க்காரரைத் தெரியும், அவர் நிலத்தை விற்றுவிட்டார்”, “ஏழாம் பெயர் உன் தாத்தா, இறந்து ஓராண்டு ஆகிறது” என்பது மாதிரி. முதலில் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். யாரும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார்கள். பிறகு ஒரு மாணவரை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சீட்டு வைத்திருப்பவர்கள் கை தூக்கத் தொடங்குவார்கள். வெளியிடுவதற்கும் தெரியப்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை அதற்கு மேல் விளக்க வேண்டியிராது.

அடுத்து, பட்டியலில் எந்தெந்தப் பத்தி இருக்கணும் என்று கேளுங்கள். பெயர், ஊர், தொகை, எந்தத் தகுதியில் கிடைத்தது என்று சொல்வார்கள். அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்க்கலாமா என்று கேட்டால் சண்டை வரும், வரட்டும். கடைசியாக ஐந்தாவது துண்டுச் சீட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் இப்படி இருக்கட்டும்: “நீ இருபது வருடமாகக் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறாய். இந்தப் பட்டியலில் உன் பெயர் இல்லை.” அந்த மாணவர் கை தூக்கலாமா, தூக்கினால் எந்தப் பத்தியில் அவரை எழுதுவது என்று வகுப்பே முடிவு செய்யட்டும். அவர்கள் சொல்லும் பதிலை 80 சொற்களில் எழுதச் சொன்னால் அடுத்த வாரக் கட்டுரைக்கு உங்களிடம் ஒரு நல்ல கருத்துப் பத்தி தயாராக இருக்கும்.